தண்டுவட மரப்பு நோயும் இயற்கை முறைகளும்

கணக்கில் ஒரு செலவு எழுதப்பட்டிருந்தால், அதற்குரிய வவுச்சர் எங்கே என்று கேட்பது நமது உத்தியோகம். பத்து ரூபாயாயினும் கேட்கிறோம். ஆனால் உடலையும் உயிரையும் பற்றிய செலவில் மட்டும் நமது அங்கத்தினர்கள் எவ்விதச் சான்றும் கேளாமல் கைப்பொருளை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இதனைக் குறித்து எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தோம்.

நமது ஆய்வுக்கு உட்பட்ட நெசவாளர் சங்கம் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுகிறோம். முப்பது வயதைக் கடந்த பெண் அங்கத்தினர் ஒருவர், குறித்த நாளில் சேலையை நெய்து தருவதில் நற்பெயர் பெற்றவர். சில மாதங்களாக அவரிடமிருந்து சரக்கு சரிவர வரவில்லை. வந்ததிலும் ஊடை சீராக இல்லை. ஆய்வுக் குறிப்பில் "வேலையில் ஊக்கமின்மை" என்று நாமே எழுதினோம். அவருக்குக் கால் மரத்து, மிதியை அழுத்த இயலாமற் போயிற்று என்பதும், ஒரு கண்ணில் பார்வை மங்கியிருந்தது என்பதும் பின்னரே தெரியவந்தன. அக்குறிப்பை எழுதியது நமது கை என்று நினைக்குந்தோறும் நாணுகிறோம்.

அவருக்கு வந்தது தண்டுவட மரப்பு நோய். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்று மருத்துவர் கூறுவர். 1868 ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் சார்கோ இதனைத் தனி நோயாக வகுத்து விளக்கினார். பாவு நூலுக்குக் கஞ்சி எவ்வாறு காப்போ, அவ்வாறே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளுக்கு மையலின் என்னும் உறை காப்பாகும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே அவ்வுறையைத் தாக்கி அரிப்பதுதான் இந்நோய். உலகில் 28 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இதனால் வருந்துகின்றனர். ஆடவரைப் போல் இரு மடங்கேனும் பெண்டிர். பெரும்பாலோர்க்கு இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட உழைக்கும் வயதிலேயே நோய் தொடங்குகிறது.

நிற்க. நாம் கூறிய அம்மையார், மருத்துவமனை மருந்தை நிறுத்திவிட்டு, வேரோடு குணமாக்குவதாக வாக்களித்த ஒருவரிடம் சென்றார். நகைகளை ஈடு வைத்துச் சூரணமும் தைலமும் வாங்கினார். முதல் மாதத்தில் கால் தெளிந்தது, ஊரே வியந்தது. ஆறாம் மாதத்தில் இரு கால்களும் தளர்ந்தன. ஈட்டுக் கடன் மட்டும் குறையாமல் நின்றது.

இதில் ஓர் உண்மையை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். இந்நோய் பெரும்பாலோர்க்கு விட்டு விட்டு வருவது. ஒரு தாக்குதல் வந்தபின், சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே தணிவதுண்டு. அவ்வேளையில் எதை உண்டாலும் அதுவே குணமாக்கியதாகத் தோன்றும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆகையால் ஒருவர் தேறினார் என்பது சான்றாகாது. மருந்து பெற்றவர் பலரையும் பெறாதவர் பலரையும் ஒப்பிட்டுக் காண்பதே சான்று. அதுவே மருத்துவத்தின் வவுச்சர்.

இயற்கை முறைகள் யாவும் பொய் என்பது நமது கருத்தன்று. அச்சோதனையில் தேறியவையும் உள்ளன. முற்காலத்தில் இந்நோயாளர் அசையாமல் ஓய்ந்திருக்க வேண்டுமென்றே கூறினர். அமெரிக்காவின் யூட்டாவில் நடந்து 1996 இல் வெளியான ஆராய்ச்சி, 15 வாரம் முறையான உடற்பயிற்சி செய்தவர்க்கு வலிமை கூடியதைக் காட்டிற்று. 2004 இல் ஒரிகன் மாநிலத்தில் 69 நோயாளரைக் கொண்டு ஆறு மாதம் ஆராய்ந்தனர். யோகாசனம் பயின்றவர்க்கும் மிதிவண்டிப் பயிற்சி செய்தவர்க்கும், இரண்டும் செய்யாதாரைக் காட்டிலும் சோர்வு குறைந்தது.

நம் நாட்டு வெயிலுக்கு இன்னொன்று இன்றியமையாதது. உடற்சூடு சிறிது ஏறினாலும் இந்நோயின் துன்பங்கள் தற்காலிகமாகப் பெருகும்; இத்தகைய தற்காலிகப் பெருக்கத்தை 1890 இலேயே ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊத்தாஃப் கண்டு எழுதினார். ஆதலின் விடியற்காலையில் வேலை, நண்பகலில் ஓய்வு, கழுத்தில் ஈரத்துணி, குளிர்ந்த நீர் ஆகியவை நல்ல துணை. இவற்றிற்கு நகையை ஈடு வைக்க வேண்டுவதில்லை.

தேறாதவையும் உண்டு. தேனீயைக் கொட்டவிடும் வைத்தியத்தை நெதர்லாந்தில் 26 பேரிடம் சோதித்து, பயனில்லை என்று 2005 இல் அறிவித்தனர். எதிர்ப்பாற்றலைப் பெருக்கும் என்று விற்கப்படும் சரக்குகளில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். காவற்படையே வீட்டைத் தாக்கும்போது அதற்கு மேலும் ஆயுதம் கொடுப்பது அறிவுடைமை ஆகுமா? எந்தச் சூரணம் உண்டாலும் அதனை மருத்துவரிடம் மறையாமற் கூறுதல் வேண்டும்.

தாக்குதலைக் குறைக்கும் முதல் மருந்து 1993 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன்பின் பல வந்துள்ளன. அவையும் நோயை வேரோடு களைவன அல்ல. எனினும் தாக்குதலைத் தடுக்கும் வேலை அவற்றினுடையது. அன்றாடத் துன்பத்தைத் தணிக்கும் வேலை பயிற்சிக்கும் குளிர்ச்சிக்கும் ஓய்வுக்கும் உரியது. பாவின்றி ஊடை மட்டும் துணியாகாது. மருந்தை விடாமல் துணைமுறையைச் சேர்ப்போர் அறிவுடையோர். மருந்தை விடச் சொல்பவரிடம் விலகி நிற்பதே நன்று.

இனிச் சங்கங்களின் கடமை யாது? நோயுற்ற அங்கத்தினருக்கு நெசவுக் கெடுவை நீட்டிக் கொடுக்கலாம். மிதிக்க இயலாதவர்க்குத் தார் சுற்றுதல் போன்ற அமர்ந்து செய்யும் வேலையைத் தரலாம். வேளாண் சங்கத்தார், வெயிலில் நிற்க இயலாத உறுப்பினரைக் கொள்முதல் நாளில் நீண்ட வரிசையில் நிறுத்தாதிருக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இந்நோயைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதச் சங்கச் செயலாளர் உதவலாம். 1985 இல் தோன்றிய இந்திய மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் சங்கத்திற்குச் சென்னையிலும் கிளை உண்டு.

அந்த அம்மையார் மீண்டும் மருத்துவமனை செல்கிறார். பொழுது புலருமுன் தறியில் அமர்ந்து, வெயில் ஏறுமுன் எழுந்துவிடுகிறார். முன்போல் நெய்ய முடியவில்லை, ஆயினும் நெய்கிறார். நமது பழைய குறிப்பின் கீழ், "நோயுற்றவர்; சங்கம் துணை நிற்றல் வேண்டும்" என்று திருத்தி எழுதிக் கையொப்பமிட்டோம். ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் தன் பதிவேட்டைப் புரட்டி, ஊக்கமற்றவர் என்று ஒதுக்கப்பட்டோரின் வீட்டிற்கு ஒருமுறை சென்று வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.