ஜல்லிக்கு வரி! கைக்காசு போனது யாருக்கு?

கோவை,

சட்டசபையில் ஒரு சட்டம் நிறைவேறினால் அது எங்கே போய் விழும்? சரவணம்பட்டியில் பாதியில் நிற்கும் ஒரு வீட்டின் வாசலில் கொட்டிய ஜல்லிக் குவியலின் மேல் விழும். 2025 ஏப்ரலில் கோவை வட்டாரக் காண்டிராக்டர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள்.

கனிமவளம் உள்ள நிலங்களுக்கு வரி போடும் சட்டத்தை 2024 டிசம்பரில் தமிழக சட்டசபை நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் 4-ந்தேதி அது அமலுக்கு வந்தது. குவாரியில் எடுக்கும் சாதாரண கல்லுக்கு டன்னுக்கு ரூ.90 வரி.

வரி போட அரசுக்கு உரிமை உண்டா என்று கேட்க வேண்டியதில்லை. அது கோர்ட்டில் தீர்ந்துபோன விவகாரம். அதுவும் நம் தமிழ்நாட்டில் பிறந்த வழக்கு! இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில், ராயல்டியின் மேல் மாநில அரசு வரி போட முடியாது என்று 1989-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 35 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 25-ல், 9 நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 8 பேர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். கனிம நிலத்துக்கு மாநிலங்கள் வரி விதிக்கலாம் என்று ஆகிவிட்டது.

நியாயமும் இல்லாமல் இல்லை. கிணத்துக்கடவு, மதுக்கரை, சூலூர் பக்கம் பாறையை வெட்டி எடுத்த பள்ளங்களைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். போன பாறை திரும்ப வராது. தூசியும், வெடிச்சத்தமும், லாரி உடைத்த ரோடும் ஊர்க்காரனுக்கு. காசு மட்டும் வேறு ஒருவருக்கா?

ஆகவே வரி தப்பில்லை. அது வந்து இறங்கிய விதம்தான் தப்பு.

கணக்கு என்ன?

ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஜல்லியோ எம்.சாண்டோ, யூனிட்டுக்கு ஏறக்குறைய நாலரை டன். டன்னுக்கு 90 என்றால் யூனிட்டுக்கு 405 ரூபாய். கழிவு, இதர செலவு என்று தாராளமாகவே சேர்த்தாலும் 500-ஐத் தாண்டாது.

கடையில் ஏறியது எவ்வளவு? யூனிட்டுக்கு 1,000 ரூபாய்!

பிறகு கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாத இறுதியில் அமைச்சருடன் பேச்சுவார்த்தை நடந்தது. சீனியரேஜ் கட்டணத்தில் அரசு சலுகை காட்டியது. ஏற்றிய விலையில் யூனிட்டுக்கு 1,000 ரூபாயைக் குறைப்பதாக உரிமையாளர்கள் சொன்னார்கள். வரி போய்விடவில்லை, அது இருக்கிறது. ஆனாலும் ஆயிரம் ரூபாய் குறைய முடிந்தது. அப்படியென்றால் முதலில் ஆயிரம் ஏறியது எந்தக் கணக்கில்? இதற்கு இன்றுவரை யாரும் பில் காட்டவில்லை.

சொன்ன ரேட்டு சொன்னதுதான்!

நடுவில் மாட்டிக்கொண்டவர் யார்? பெரிய கம்பெனி அல்ல. பெரிய ஒப்பந்தங்களில் விலை மாறினால் என்ன செய்வது என்று ஷரத்து எழுதிக்கொள்வார்கள். மாட்டியவர் சின்ன காண்டிராக்டர். நேற்றுவரை மேஸ்திரியாக இருந்து, இன்று வருஷத்துக்கு இரண்டு மூன்று வீடு எடுத்துக் கட்டுகிறவர். சதுர அடிக்கு இவ்வளவு என்று வாயால் பேசி, அட்வான்ஸ் வாங்கி, அஸ்திவாரம் போட்டுவிட்டார்.

ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு மணலும் ஜல்லியுமாக 25 முதல் 30 யூனிட் பிடிக்கும். யூனிட்டுக்கு ஆயிரம் என்றால் 30 ஆயிரம் ரூபாய். வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டால், "ஏனுங்க, சொன்ன ரேட்டு சொன்னதுதானுங்களே, லோன் போட்டுக் கட்டறேனுங்க, நான் எங்கே போவேன்?" என்பார். அவர் சொல்வதும் சரிதான். பாங்க்கும் பாஸான கடனுக்கு மேல் ஒரு பைசா கொடுக்காது.

காண்டிராக்டரும் தாங்க முடியாமல் வேலையை நிறுத்தினால் என்ன ஆகும்? காலையில் டிபன் பாக்ஸோடு வந்து நிற்கும் கொத்தனாரும் சித்தாளும் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். வேலைநிறுத்த நாட்களில் ஜல்லி இல்லாமல் கான்கிரீட் ஏது? கான்கிரீட் இல்லாத நாளில் கூலி ஏது? வரியைப் பற்றிச் சட்டசபையில் பேசியபோது அந்தச் சித்தாளின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

மூன்று காரியம்

அரசு செய்யவேண்டியது ஒன்று. கட்டுமானப் பொருளைத் தொடும் எந்த வரியானாலும், கையில் இருக்கும் வேலையை முடிக்கும் அளவுக்காவது அவகாசம் கொடுத்து அமல்படுத்த வேண்டும். ஒரு வீடு கட்ட எட்டு, பத்து மாதம் ஆகிறது. சட்டம் நிறைவேறி நாலு மாதத்தில் வரி வந்தால், பாதிச் சுவரில் நிற்பவன் என்ன செய்வான்?

கிரஷர்காரர்கள் செய்யவேண்டியது ஒன்று. வாசலில் விலைப் பலகை வைக்கட்டும். பில்லில் கல்லின் விலை தனி, வரி தனி, லாரி வாடகை தனி என்று போடட்டும். வரியின் பெயரைச் சொல்லி வேறு எதையும் ஏற்றமுடியாது.

காண்டிராக்டர்கள் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. வாய்ப்பேச்சு போதும் என்ற காலம் மலையேறிவிட்டது. சிமெண்ட், கம்பி, ஜல்லி விலை இவ்வளவுக்கு மேல் ஏறினால் வீட்டுக்காரர் பங்கு எவ்வளவு, இறங்கினால் அவருக்குத் திருப்புவது எவ்வளவு என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொள்ளட்டும்.

இறங்கும்போதும் என்பது முக்கியம். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அந்த லாபத்தை வீட்டுக்காரரோடு பங்கு போட்டுக்கொண்ட காண்டிராக்டர்கள் எத்தனை பேர்? ஏறினால் உனக்கு, இறங்கினால் எனக்கு என்றால் அது வியாபாரம் ஆகாது.

மலையை வெட்டுகிறவரும், வரி வாங்குகிறவரும் அவரவர் பங்கை முதலிலேயே எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று கைக்காசு போட்டு வீட்டை முடித்துக் கொடுத்தவர்தான் கடைசியில் கடன்காரர் ஆகிறார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவனுக்கு நஷ்டம் என்று ஒரு சட்டம் ஆகிவிடக்கூடாது.