ஆடைக்குத் தீர்ப்பிட்டவர்கள்

புதுச்சேரியில் கப்ஸ் கோயிலுக்கு எதிரே புனித ஜோன் ஆஃப் ஆர்க்கின் சலவைக்கல் சிலை நிற்கிறது. நம்மவர் பலரும் அதனைக் கண்டிருப்பர். ஆனால் அந்தப் புனிதையைக் குறித்து உலகில் மூண்டிருக்கும் வழக்கை அறிந்தவர் சிலரே.

2022ஆம் ஆண்டு லண்டன் குளோப் அரங்கில் மேடையேறிய ஒரு நாடகம், ஜோனை ஆணுமல்லாத பெண்ணுமல்லாத ஒருவராகக் காட்டி, பால் காட்டாத சுட்டுப்பெயரால் அழைத்தது. 1936இலேயே ஆங்கில எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட், அவர் பெண்களை விரும்பியவராக இருக்கலாம் என்று குறிப்பாகச் சொல்லியிருந்தார். இவற்றைக் கேட்டு வெகுண்ட பக்தர்களோ, "பாதுகாப்புக்காக மட்டுமே ஆணுடை அணிந்தார், மற்றபடி அவர் அடக்கமே உருவான நாட்டுப்புறப் பெண்" என்று வாதிடுகின்றனர். இவ்விரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பது நம் கருத்து. ஜோனின் வாக்குமூலத்தைவிட ஜோனின் ஆடையையே இருவரும் பெரிதாகப் பார்க்கின்றனர்.

ஆடையைப் பார்த்தே தீர்ப்பிட்டவர்கள் முன்பும் இருந்தார்கள். 1429இல் ஓர்லியான் முற்றுகையை முறியடித்து, ரேம்ஸ் நகரில் ஏழாம் சார்லசுக்கு முடிசூட வழிவகுத்த அந்த இளம்பெண், மறு ஆண்டு சிறைப்பட்டார். 1431இல் ரூவான் நகரில் ஆயர் பியேர் கோஷோன் தலைமையிலான நீதிமன்றம் அவர்மீது சாட்டிய குற்றங்களுள் ஆணுடையும் ஒன்று. இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் அதற்கு ஆயுதமாயிற்று. மே 24இல் அச்சுறுத்தலுக்குப் பணிந்து பெண்ணுடை ஏற்றவர், சில நாட்களில் மீண்டும் ஆணுடை தரித்தார். தம் குரல்களையும் மறுக்க மறுத்தார். மே 30இல் தீக்கிரையானார்.

புதிய பெயர் சூட்டுவோரிடம் நாம் கேட்கிறோம்: ஜோன் தமக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ளவில்லையா? 'கன்னி' என்பதே அவர் தமக்கிட்ட பெயர். ஏறத்தாழப் பதின்மூன்று வயதில் கன்னிமையை இறைவனுக்கு நேர்ந்துகொண்டார். மண ஒப்பந்தத்தை மீறினார் என்று தூல் நகரில் வழக்கு வந்தபோது, தாம் வாக்களிக்கவில்லை என்று சத்தியம் செய்து வென்றார். தங்கிய இடங்களில் பெண்களோடு உறங்கியது, மானம் காக்க அக்காலத்தார் கைக்கொண்ட வழக்கம். அவர் வாயால் சொன்ன சொல்லைப் பறித்துவிட்டு நம் காலத்துச் சொல்லைத் திணிப்பது எவ்வாறு விடுதலையாகும்? சுட்டுப்பெயர் குறித்தோ தமிழர் சண்டையிடத் தேவையில்லை. நாம் மதிப்போரை அழைக்கும் 'அவர்' ஆண்பால் பெண்பால் பார்ப்பதில்லை.

அடக்கம் பேசுவோரிடமும் கேட்கிறோம்: பாதுகாப்பு மட்டும்தானா காரணம்? காவலரின் கொடுமையிலிருந்து தம்மைக் காக்க அந்த உடை உதவியது என்பதை 1456 மறுவிசாரணையின் சாட்சிகள் சொல்லினர், அது மெய்யே. ஆனால் அதை இறைவனின் கட்டளையால் அணிந்ததாக ஜோனே நீதிபதிகளிடம் சொன்னார். பெண்ணுடை தரித்தால் திருப்பலிக்கு விடுவோம் என்றபோதும் இணங்கவில்லை. அழைப்பின் ஒரு பகுதியாக ஏற்றதை வெறும் தற்காப்பாகச் சுருக்குவது, அவரை நம் வசதிக்கேற்ற சிறுமியாக்கும் தந்திரம்.

இது பிரான்சு நாட்டுப் பழங்கதை அன்று. நம் பவானியில் குழித்தறியில் இறங்கி ஜமக்காளம் நெய்யும் பெண்ணை, ஆண் வேலை செய்கிறாள் என்று எவரும் கோயிலுக்கு வெளியே நிறுத்துவதில்லை. ஆனால் அவள் மகள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டால், காக்கிக் கால்சட்டை அணிந்து காவல்துறைக்குப் போனால், "இப்போது கல்யாணம் வேண்டாம்" என்றால், நம் நாவுகள் விவிலியத்தைத் தேடுகின்றன. தமிழக அரசு 2008இல் திருநங்கையர்க்கு நலவாரியம் அமைத்த பிறகும், கோயிலின் கடைசி வரிசையில் வந்தமரும் திருநங்கையைக் கண்டால் நாம் முகம் திருப்புகிறோம். ஜோன் திருநங்கையரைப் போன்றவர் என்று நாம் சொல்லவில்லை. அவ்வொப்புமையை இழிவென்று எண்ணி அஞ்சுவோருடனும் நாம் இல்லை.

13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினா, தேவை நேரும்போது பெண் ஆணுடை அணிவது பாவமன்று என்று எழுதினார். 1456 சூலை 7இல் திருச்சபையின் நீதிமன்றமே ரூவான் தீர்ப்பைச் செல்லாததென அறிவித்தது. 1920 மே 16இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் ஜோனைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். ஆடைக்காக ஒரு பெண்ணை இன்று நியாயம் தீர்ப்பவர், திருச்சபை கைவிட்ட தீர்ப்பையே ஏந்தி நிற்கிறார்.

ஆகவே புனிதையின்மேல் எந்தப் பெயரையும் ஒட்ட வேண்டாம். எந்த முக்காட்டையும் போட வேண்டாம். ஆண்டவர் தம்மிடம் கேட்டதாக அவர் சொன்னதைக் கேட்போம். அடுத்த மே 30 திருவிழாவிற்குள், நம் பங்கில் ஒரு மகளிடமாவது, "உன்னை ஆண்டவர் எதற்கு அழைக்கிறார்?" என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருப்போமாக.