அறுபதிலும் ஆட்டம் சிறக்குமா?



“இந்த வயதில் இனி என்ன கற்பது?” என்னும் கேள்வி நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. பணி ஓய்வு பெற்ற தந்தை புதிதாக ஒரு கலையையோ ஆட்டத்தையோ பயிலத் தொடங்கினால், பிள்ளைகள் நேரில் ஒன்றும் சொல்லாமல் மறைவில் நகைப்பர். சில மாதங்களில் தந்தையும் அதைக் கைவிட்டுச் சாய்வு நாற்காலிக்குத் திரும்பிவிடுவார். முதுமையில் ஒருவர் தம் நிலையைக் காத்துக்கொள்வதே பெரிது, அதனினும் உயர்தல் இயலாது என்பது பலரது முடிவு. இம்முடிவு சரிதானா என்று உரசிப் பார்க்க ஏற்ற உரைகல் ஒன்று உண்டு. அது கோல்ஃப் ஆட்டம். எண்பது வயதினரும் ஆடக்கூடிய ஆட்டம் அது. அதில் அடிக்கும் ஒவ்வோர் அடியும் எண்ணப்படுவதால், ஆடுபவர் முன்னேறினாரா பின்தங்கினாரா என்பதில் மயக்கத்திற்கு இடமில்லை.

ஸ்காட்லாந்தில் வளர்ந்த இவ்வாட்டம் ஆங்கிலேயருடன் நம் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. பரந்த புல்வெளியில் 18 குழிகள் அமைந்திருக்கும். சிறிய பந்தை மட்டையால் அடித்து, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாக் குழிகளிலும் விழச் செய்யவேண்டும். யார் குறைந்த அடிகளில் முடிக்கின்றாரோ அவரே வென்றவர். தேர்ந்த ஆட்டக்காரருக்கு இத்தனை அடிகள் போதும் என்று ஒவ்வொரு திடலுக்கும் ஓர் அளவு விதித்திருக்கின்றனர். அதற்குப் ‘பார்’ என்று பெயர். பெரும்பாலான முழுத் திடல்களில் அது 72 அல்லது அதையொட்டிய எண். பொழுதுபோக்காக ஆடும் அமெச்சூர்களின் தரத்தை அளக்க ‘ஹேண்டிகேப்’ என்னும் முறை உண்டு. 2020ஆம் ஆண்டிலிருந்து உலகிற்கெல்லாம் பொதுவாக்கப்பட்ட கணக்கின்படி, ஒருவர் கடைசியாக ஆடிய 20 ஆட்டங்களுள் சிறந்த 8 ஆட்டங்களின் சராசரியிலிருந்து அது பெறப்படுகின்றது. அவ்வெண் குறையக் குறைய ஆட்டம் உயர்கின்றது என்பது பொருள்.

முதுமை எதைப் பறித்துக்கொள்கின்றது என்பதை முதலில் ஒளிவு மறைவின்றிக் காண்போம். பந்து வெகுதூரம் பறக்கவேண்டுமானால் மட்டையின் தலை மிகுந்த வேகத்துடன் சுழன்று வரவேண்டும். அவ்வேகம் இடுப்பும் தோளும் முதுகும் நன்கு திரும்புவதால் பிறப்பது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தசைகள் மெலிகின்றன; மூட்டுகள் இறுகுகின்றன; வேகம் குறைகின்றது. முப்பது வயதில் அடித்த தூரத்தை எழுபதில் அடிப்போம் என்று எண்ணுவது வீண் ஆசை. மேலும், பல்லாண்டுகளாக ஒரு விதமாகப் பழகிய கை, புதிய முறையை எளிதில் ஏற்பதுமில்லை.

ஆயினும் ஆட்டம் முழுவதும் தூரத்தில் அடங்கிவிட்டதா? இங்கேதான் ‘பார்’ கணக்கு நமக்கு ஓர் உண்மையை எடுத்துரைக்கின்றது. குழியைச் சூழ்ந்துள்ள, மிக நுண்ணியதாகக் கத்தரிக்கப்பட்ட பசும்புல் பரப்பில் பந்தை மெல்ல உருட்டுவதற்கென்று குழிக்கு 2 அடிகள் அந்த அளவிலேயே ஒதுக்கப்பட்டுள்ளன. 18 குழிகளுக்கு 36 அடிகள்! அதாவது 72இல் சரிபாதி. இவ்வடிகளுக்குப் புயவலிமை தேவையில்லை. தரையின் சரிவை நோக்கும் கண்ணும், அவசரப்படாத கையும், அமைதியான உள்ளமும் போதும். எஞ்சிய பாதியிலும், பரப்பின் ஓரத்திலிருந்து பந்தைச் சிறிதே தூக்கிப் போடும் அடிகள் பல. முதுமை கொள்ளையடிக்க இயலாத நிலம் இது.

இதைவிட முக்கியமான காரணம் மற்றொன்று உண்டு. வாழ்வையே ஆட்டத்திற்கு ஒப்படைத்த தொழில்முறை வீரன் இருபத்தைந்து வயதிலேயே தன் ஆற்றலின் எல்லையருகே நிற்கின்றான். உடல் தளர்ந்தால் அவன் இறங்கவே வேண்டும். அமெச்சூரின் நிலை வேறு. அலுவலுக்கும் குடும்பத்திற்கும் இடையே வாரம் ஒருமுறை ஆடியவர் தம் எல்லையை ஒருநாளும் தொட்டதில்லை. அவர் ஆட்டத்தில் வீணாகும் அடிகள் ஏராளம். தூரத்தில் முதுமை நான்கு அடிகளை எடுத்துக்கொண்டாலும், பிழைகளைக் களைந்து எட்டு அடிகளை மீட்டுக்கொள்ள அவரிடம் இடமிருக்கின்றது. கற்காமல் விட்டதே அவருக்கு இன்று மூலதனமாகின்றது!

இதற்கு அமெரிக்கரான ஆலன் டாயிலின் வாழ்வை எடுத்துக்காட்டாகக் கூறலாம். இவர் அமெச்சூராகவே நாற்பது வயதைக் கடந்தவர். மட்டையைச் சிறிதளவே பின்னே கொண்டுசென்று அடிக்கும் அவரது பாணி, பார்ப்போர்க்கு விந்தையாகத் தோன்றும். 1995ஆம் ஆண்டில், 46 வயதில், தொழில்முறை ஆட்டத்தில் நுழைந்தார். 2005ஆம் ஆண்டு அமெரிக்க மூத்தோர் ஓப்பன் போட்டியின் இறுதி நாளில் 63 அடிகளில் ஆடி வாகை சூடினார். அடுத்த ஆண்டும் அதே பட்டத்தை வென்றார். அப்போது அவருக்கு வயது 57. அப்போட்டியை வென்றவர்களுள் அவரே மூத்தவர் என்னும் பெருமையை, 2023ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பெர்ன்ஹார்டு லாங்கர் தம் 65ஆம் வயதில் பெற்றுக்கொண்டார். இளமையில் பந்தை உருட்டும்போது கை நடுங்கும் குறையினால் பெரிதும் அல்லலுற்றவர் லாங்கர். மட்டையைப் பிடிக்கும் முறையையே மாற்றி மாற்றிப் பயின்று அதை வென்றார். இவர்கள் அரிய திறனுடையோர். எல்லாரும் இவர்களைப்போல் ஆகிவிட இயலாது. எனினும், பழைய கையும் புதிய வழியைக் கற்கும் என்பதற்கு இவர்கள் சான்று.

அவ்வாறாயின் முன்னேற விரும்பும் முதியவர் செய்யவேண்டியவை யாவை?

முதலாவது, உடலைப் பேணுதல். 1990ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் நகரில் தொண்ணூறு வயதையொட்டிய முதியோர் சிலருக்கு எட்டு வாரம் பளுப்பயிற்சி அளித்தபோது, அவர்களின் கால்வலிமை இருமடங்கிற்கும் மேலாயிற்று. தசை எந்த வயதிலும் பயிற்சிக்குச் செவிசாய்க்கின்றது. மருத்துவரின் ஆலோசனையுடன் அளவறிந்து தொடங்குதல் நலம்.

இரண்டாவது, பயிற்சியின் இடத்தை மாற்றுதல். பந்தைத் தொலைவில் விரட்டுவதில் நேரத்தைச் செலவிடாமல், குழியருகே உருட்டுவதில் செலவிடவேண்டும். தாம் காணாத பிழையைக் காட்ட ஓர் ஆசிரியரையும் நாடவேண்டும்.

மூன்றாவது, வீம்பை விடுதல். குழிக்கு அருகிலிருந்து ஆட்டத்தைத் தொடங்குவதற்கென்றே திடல்களில் இடங்கள் உண்டு. “அங்கிருந்து ஆடுவது இழுக்கு” என எண்ணி மறுப்பவர்கள் பலர். உள்ள வலிமைக்கேற்ற இடத்தில் நின்று நன்றாக ஆடுவதில் இழுக்கேதுமில்லை.

இவ்வாட்டம் முதியோர்க்கென்றே ஒரு பரிசையும் வைத்திருக்கின்றது. தம் வயதின் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ உள்ள அடிகளில் ஓர் ஆட்டத்தை முடிப்பதே அது. 1979ஆம் ஆண்டில், 67 வயதான சாம் சினீட் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியொன்றில் ஒரு சுற்றை 67 அடிகளிலும், கடைசிச் சுற்றை 66 அடிகளிலும் முடித்தார். இப்பரிசை இருபது வயதினன் எவனும் பெறமுடியாது. ஆண்டுதோறும் இலக்கு ஓர் அடி தளர்ந்து கொடுக்கின்றது. தம் ஆட்டம் அதைவிட வேகமாகத் தளராதபடி பார்த்துக்கொள்வதே முதியவரின் கடமை.

கோல்ஃப் நம்மில் மிகப்பலருக்கு எட்டாத ஆட்டம் என்பது உண்மையே. ஆனால் அது கற்பிக்கும் கணக்கு ஆர்மோனியத்திற்கும் பொருந்தும். தையலுக்கும், புதிய மொழிக்கும், சதுரங்கத்திற்கும் பொருந்தும். முழுமையாக ஒருநாளும் கற்காத ஒன்றில் எவரும் தம் உச்சியைக் கடந்துவிடவில்லை. ஆகவே, பிள்ளைகளே! உங்கள் தந்தையோ தாயோ நாளை எதையேனும் கற்கத் தொடங்கினால் நகைக்கவேண்டாம். ‘இன்று எப்படி இருந்தது?’ என்று கேளுங்கள். ஆறு மாதம் கழித்தும் மறவாமல் கேளுங்கள். பெற்றோரே! நீங்களும் இளமையின் அளவுகோலை எடுத்து உங்களை அளந்து சோர்ந்துவிடாதீர்கள். சென்ற ஆண்டின் உங்களையே இவ்வாண்டின் உங்களுக்கு அளவாகக் கொள்ளுங்கள். அந்தப் போட்டியில் அறுபதிலும் வெல்லலாம், எழுபதிலும் வெல்லலாம்.