பழைய கணினியில் ஓடாத களப்பதிவு

விழிஞ்ஞத்திலோ பூவாறிலோ மீனவரின் பேச்சைப் படகிலேயே பதிவு செய்ய விரும்பும் மொழியியல் ஆய்வாளருக்கு ஆக்‌ஷன் கேமராவைப் போல் உதவும் கருவி வேறில்லை. அது உள்ளங்கைக்குள் அடங்கும், அலை தெறித்தாலும் அஞ்ச வேண்டியதில்லை, படகின் விளிம்பில் பொருத்திவிட்டால் ஆய்வாளரின் இரு கைகளும் ஒழியும். வலையின் ஒவ்வோர் உறுப்புக்கும் வழங்கும் பெயரையும், கரையில் தெரியும் குன்றையும் தேவாலயக் கோபுரத்தையும் அடையாளமாகக் கொண்டு கடலடிப் பாரின் இருப்பிடத்தைக் கணிக்கும் முறையையும், சொல்பவரின் கையசைவோடு சேர்த்தே பதிய முடிகிறது. சொல் எதைச் சுட்டுகிறது என்பதைக் கை காட்டிவிடுகிறது. ஒலிப்பதிவை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பொருளைப் பின்னர் மீட்டெடுப்பது பெரும்பாடு.

இடர் கரைக்குத் திரும்பிய பின் தொடங்குகிறது. துறை ஆய்வகங்களில் எட்டு, பத்து ஆண்டு கண்ட கணினிகள் இன்றும் உழைக்கின்றன. மாணவர் பலரிடம் இருப்பது வேறொருவர் பயன்படுத்தி விற்ற மடிக்கணினி. அவற்றில் 4கே காணொளியைத் திறந்தால் படம் உறைந்து நிற்க, குரல் மட்டும் முன்னே போகிறது. மீனவரின் கை வலையைத் தொடுவதற்குள் வலையின் பெயர் ஒலித்து முடிந்துவிடுகிறது. எதற்காக அந்தக் கேமரா எடுத்துச் செல்லப்பட்டதோ அந்தப் பயனே அங்கு அழிந்துபோகிறது. கணினி பழையது, புதியது வாங்க நிதி வேண்டும் என்பதே வழக்கமாக எட்டப்படும் முடிவு. நிதி வரும்வரை பதிவுகள் வன்தட்டில் உறங்குகின்றன. இந்த முடிவில் பாதி உண்மை உண்டு. ஆனால் குறை கணினியில் மட்டும் இல்லை. பதிவு செய்யும் முறையிலும், பதிவை ஒப்படைக்கும் முறையிலும் இருக்கிறது.

கணினி ஏன் திணறுகிறது என்பதை எண்களே சொல்லிவிடும். 4கே காணொளியின் ஒரு சட்டகத்தில் 3840-க்கு 2160 என்ற அளவில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 50 சட்டகம் என்றால், ஒவ்வொரு நொடியும் 41 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளைக் கணினி உருவாக்கித் தர வேண்டும். பழைய கணினிகள் இயல்பாக ஓட்டிப் பழகிய 1920-க்கு 1080 அளவில், நொடிக்கு 25 சட்டகக் காணொளியைப் போல் இது எட்டு மடங்கு. இதற்கு மேல் சுருக்கமுறை ஒன்று வந்து சேர்கிறது. 2003-இல் வெளிவந்த எச்.264 முறைக்குப் பதிலாக, 2013-இல் தரநிலையாக வெளிவந்த எச்.265 முறையில் இக்கேமராக்கள் உயர்தரப் பதிவுகளைச் சுருக்குகின்றன. கோப்ரோவில் 2017-இன் ஹீரோ6 முதல் இந்த வழக்கம். ஏறத்தாழ பாதி இடத்தில் அதே தரம் என்பது அம்முறையின் நோக்கம். இடத்தில் மிச்சம் பிடித்ததை விரிக்கும்போது கணக்கீட்டில் செலுத்த வேண்டியிருக்கிறது. அதற்கென்றே அமைந்த மின்சுற்று இருந்தால் கணினிக்குச் சுமை தெரியாது. இன்டெல் செயலிகளில் அது முழுமையாக இடம்பெற்றது 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையில். பத்து பிட் வண்ணத்துக்கு ஏழாம் தலைமுறை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய கணினிகளில், தனி வரைகலை அட்டை கைகொடுக்காவிட்டால், எல்லாக் கணக்கையும் மையச் செயலியே போட வேண்டும். அங்கேதான் மூச்சு வாங்குகிறது.

இந்த இடத்தில் துறைகள் காசை வீணடிப்பதும் உண்டு. ரேம் கூட்டுகிறார்கள், எஸ்.எஸ்.டி. பொருத்துகிறார்கள், படம் அப்படியே உறைந்து நிற்கிறது. நொடிக்கு 100 மெகாபிட் என்ற உயர் அளவில் பதிந்த காணொளிக்கும் வட்டிலிருந்து நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட் வந்தால் போதும். பழைய வன்தட்டே அதை எளிதாகத் தந்துவிடும். தடை வட்டில் இல்லை, விரிப்பதில் இருக்கிறது.

மற்றொரு தடை உரிமம். எச்.265 காப்புரிமைகளால் சூழப்பட்ட முறை. விண்டோஸில் அதற்கான நீட்சியை மைக்ரோசாஃப்ட் தனியே, சிறு விலைக்கு, விற்கிறது. தொகை சிறிதுதான், ஆனால் பல்கலைக்கழகக் கொள்முதல் நடைமுறையில் சிறு தொகையைச் செலவழிப்பதைவிடப் பெருந்தொகையைச் செலவழிப்பது எளிது என்பதை அறியாத ஆய்வாளர் இல்லை. இந்தப் பாதித் தடைக்குத் திருவனந்தபுரத்திலேயே விடை உண்டு. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் தொடங்கப்பட்டது இந்நகரில். பள்ளிகளுக்கான ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், 2017-இல் கைட் நிறுவனமாக மாறிய பின்னும், கேரளத்தின் அரசுப் பள்ளிக் கணினிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற இயங்குதளத்தையே ஓட்டிவருகிறது. அதே மென்பொருள் மரபைச் சேர்ந்த வி.எல்.சி., எம்.பி.வி. ஆகியவை எச்.265 காணொளியைத் தனி விலையின்றித் திறக்கும். திறப்பது வேறு, தடையின்றி ஓட்டுவது வேறு. கட்டற்ற மென்பொருள் உரிமச் சிக்கலைத் தீர்க்கும். இரண்டு கருச் செயலியை எட்டுக் கருவாக்கிவிடாது. கட்டற்ற மென்பொருள் அன்பர்கள் சிலர் இவ்விரண்டையும் ஒன்றாகப் பேசுவதால், லினக்ஸ் நிறுவிய பின்னும் படம் உறையக் கண்ட மாணவர் ஏமாற்றமடைந்து பழைய இயங்குதளத்துக்கே திரும்பிவிடுகிறார்.

மொழியியலாளருக்கு இந்தத் துன்பம் இருமடங்கு. திரைப்படம் பார்ப்பவர் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஒரே ஓட்டமாகப் பார்க்கிறார். சொற்களைப் பெயர்த்தெழுதுபவரோ ஒன்றரை நொடித் துண்டை இருபது முறை கேட்பார், பின்னே செல்வார், ஒரு சட்டகம் முன்னே நகர்வார். இக்கேமராக்களின் காணொளியில் ஒவ்வொரு சட்டகமும் முழுப்படமாகச் சேமிக்கப்படுவதில்லை. இடையிடையே ஒரு முழுப்படம், மற்றவையெல்லாம் அண்டையிலுள்ள படங்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே. ஆகவே நடுவில் ஓரிடத்துக்குத் தாவினால், கணினி முந்தைய முழுப்படத்துக்குச் சென்று அங்கிருந்து கணக்கிட்டுக்கொண்டே வர வேண்டும். நைமேகன் நகரின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கிய இலான் மென்பொருள், காணொளியை ஓட்ட இயங்குதளத்தின் வசதியையோ வி.எல்.சி.யையோ சார்ந்திருப்பது. எனவே கணினியின் எல்லாக் குறைகளும் இலானின் குறைகளாகத் தோன்றும். குறிப்பை எந்த நொடியில் பொருத்துவது என்பதே ஐயத்துக்குரியதாகிவிட்டால், அதன்மேல் எழுப்பும் ஆய்வு முடிவும் ஐயத்துக்குரியதே. வசதிக் குறைவாகத் தொடங்கியது தரவின் நம்பகத்தன்மையைத் தொட்டுவிடுகிறது.

வியப்பு என்னவெனில், இதற்கான தீர்வைக் கேமராவே பாதி செய்து தந்துவிடுகிறது. கோப்ரோவின் நினைவக அட்டையைத் திறந்தால், பெரும்பாலான பதிவு முறைகளில், ஒவ்வொரு காணொளிக்கும் பக்கத்தில் எல்.ஆர்.வி. என்ற பின்னொட்டுடன் சிறு கோப்பு ஒன்று இருக்கும். கைப்பேசியில் முன்னோட்டம் காட்டுவதற்காகக் கேமரா தானே எழுதிவைக்கும் குறைந்த தெளிவுப் படி அது. பின்னொட்டை எம்.பி.4 என்று மாற்றினால் எந்தப் பழைய கணினியிலும் ஓடும். உதட்டசைவை ஆராய அது போதாது. ஆனால் பேச்சைக் கேட்டுப் பகுக்கவும், யார் எப்போது பேசினார் என்று குறிக்கவும் தாராளமாகப் போதும். பெயர் விளங்காத கோப்பு என்று எண்ணி, படியெடுக்கும்போது முதலில் நீக்கப்படுவதும் இதுதான். பெயர்களை வாசிக்கக் கற்பது களப்பயிற்சியின் பகுதியாக வேண்டும்: ஜி.எச். என்று தொடங்கினால் எச்.264, ஜி.எக்ஸ். என்று தொடங்கினால் எச்.265. இவ்வளவு தெரிந்தாலே அமைப்பில் ஒன்றை மாற்றிப் பழைய கணினிக்கு இணக்கமாகப் பதிந்துவிடலாம்.

எல்.ஆர்.வி. போதாத இடத்தில் பணிப்படி ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும். பழைய கணினியால் அது இயலாது என்று நினைப்பவர் பலர். ஓட முடியாத கால் நடக்கும். ஒரு நொடிப் படத்தை ஒரு நொடிக்குள் விரித்தாக வேண்டும் என்ற கட்டாயம் காணொளியை ஓட்டும்போது மட்டுமே உண்டு, மாற்றும்போது இல்லை. எஃப்.எஃப்.எம்பெக் அல்லது அதைப்போல எளிமையான ஹேண்ட்பிரேக்கில் ஒரு நாளின் பதிவுகளை வரிசையில் இட்டுவிட்டால், இரவு முழுதும் அந்தப் பழைய கணினியே மெல்ல மெல்ல மாற்றி முடிக்கும். எச்.264 சுருக்கம், 1280-க்கு 720 அளவு, முழுப்படங்களுக்கு இடையே குறுகிய இடைவெளி, மாற்றப்படாத ஒலித்தடம் ஆகியவை போதும். சட்டக வேகத்தைக் குறைப்பதாயின் சரிபாதியாகக் குறைக்க வேண்டும். 50 என்றால் 25. இந்தியாவில் மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால், கேமராவின் அமைப்பையும் அதற்கேற்ப வைத்தால் குழல்விளக்கின் கீழ் படம் மினுங்காது. இந்தச் சிறு அமைப்பைக் கவனியாமல் வகுப்பறைக்குள் எடுத்த பதிவுகள் பல, கண்ணுக்குத் துன்பமாகவே கிடக்கின்றன.

உயர்தெளிவே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. 1997-இல் தொடங்கப்பட்டு இப்போது ஆக்குளத்தில் இயங்கும் நிஷ் என்ற பேச்சு, செவித்திறன் நிறுவனம் 2021-இல் மலையாள எழுத்துகளுக்கான விரல் குறியீடுகளை வெளியிட்டது. விரல்களின் வேகமான மாற்றத்தை ஆராய்பவருக்கு நொடிக்கு 25 சட்டகம் போதாது. அங்கே படத்தின் அளவைக் குறைக்கலாம், வேகத்தைக் குறைக்கக் கூடாது. உதட்டின் வடிவத்தை அளப்பவருக்கோ படத்தின் அளவு முக்கியம். எதைக் குறைப்பது என்பது ஆய்வுக் கேள்வி தீர்மானிக்க வேண்டியது. கேமரா பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணோ அதை விற்பவரோ தீர்மானிக்க வேண்டியதன்று. மூலப்பதிவை அப்படியே காக்கட்டும். அதனோடு எவரும் திறக்கக்கூடிய படி ஒன்றும் சேர்ந்திருக்கட்டும்.

கிரியர்சனின் இந்திய மொழிகள் கணக்கெடுப்போடு தொடர்புடைய கிராமபோன் பதிவுகள் 1913-க்கும் 1929-க்கும் இடையில் எடுக்கப்பட்டவை. சென்னை மாகாண மொழிகளும் அவற்றில் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்நூலகத்தில் அவை இன்று எளிய ஒலிக்கோப்புகளாகக் கிடைப்பதால், நூறாண்டுக்கு முந்தைய குரல் மிகப் பழைய கணினியிலும் ஒலிக்கிறது. வ.அய். சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழகத்தில் 1963-இல் தொடங்கிய மொழியியல் துறையின் மலையாளக் கிளைமொழி ஆய்வு 1974-இல் நூலானது. அதைத் திறக்க எந்தச் செயலியும் வேண்டாம். சென்ற மாதம் பூவாறில் எடுத்த காணொளி, அதை எடுத்தவரின் பக்கத்து மேசைக் கணினியில் ஓடவில்லை என்றால், கருவி வளர்ந்த அளவுக்கு ஆவண உணர்வு வளரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பேசியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அகத்தியமலை அடிவாரத்துக் காணிக்காரரின் ஆரோக்கியப்பச்சை அறிவுக்காக, பாலோட்டின் தாவரவியல் ஆய்வுத் தோட்டம் 1990-களில் மருந்தின் வருவாயில் பாதியை அவர்களுக்கென ஒதுக்கியது, பயன் பகிர்வுக்கு எடுத்துக்காட்டாக உலகெங்கும் பேசப்பட்டது. மொழியைத் தந்தவருக்கு மொழியியல் தரும் பங்கு பெரும்பாலும் அவருடைய பதிவின் ஒரு படி மட்டுமே. நொடிக்கு 100 மெகாபிட்டில் ஒரு மணிநேரம் 45 ஜிகாபைட் ஆகும். அதை எந்தக் கைப்பேசியில் இட்டுக் கொடுப்பது? அண்மைக் கைப்பேசிகள் பலவற்றில் எச்.265 மின்சுற்று இருக்கிறது. அவருக்குத் தடை விரிப்பதில் இல்லை, அளவில் இருக்கிறது. மாணவரின் பழைய மடிக்கணினிக்காகச் செய்யும் அதே சிறு படி அவர் வீட்டுக்கும் போய்ச் சேரும்.

முனைவர் பட்ட ஆய்வேட்டை மின்வடிவில் சோத்கங்காவில் சேர்க்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி இருக்கிறது. அந்த ஏட்டுக்கு ஆதாரமான காணொளியை எந்த வடிவில், யாருக்குத் திறக்கும்படி ஒப்படைப்பது என்பதைத் துறைகளே எழுதிக்கொள்ளலாம். அதற்குத் தில்லியின் உத்தரவு தேவையில்லை. துறையில் இயங்கும் மிகப் பழைய கணினியில் தொடக்கம் முதல் இறுதி வரை ஓடிய பின்னரே ஒரு பதிவு ஒப்படைக்கப்பட்டதாகக் கருதப்படும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தபின், கழித்துக்கட்டும் பட்டியலில் பழைய கணினிகள் பல ஏறிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றை, லினக்ஸ் நிறுவி, இந்தச் சோதனைக்கென்றே எடுத்துவைக்கலாம். இரவில் அதுவே பணிப்படிகளையும் உருவாக்கித் தரும்.