குட்டி யானைக்கு கரண்ட் போடலாமா?

போன ஞாயித்துக்கிழமை அண்ணா நகர்ல இருந்து ஒரு தம்பி கீரை வாங்க வந்தார். கொல்லையோரம் நின்ன வண்டியைப் பார்த்துட்டு, "அண்ணே, முக்கால் ஏக்கர் கீரைக்குச் சொந்தமா வண்டி எதுக்கு? போன்ல புக் பண்ணா வாடகைக்கு வந்துடுமே"ன்னார். நியாயமான கேள்விதான். அன்னைக்கு நான் சிரிச்சு மழுப்பிட்டேன்.

வாடகை வண்டி வரும். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு வரணுமே! சாயங்காலம் பிடுங்கி, கட்டு கட்டி, தண்ணி தெளிச்சு வச்ச கீரை விடியறதுக்குள்ள கோயம்பேட்டுல இறங்கணும். ஒரு ஆடி மாசம், சொல்லி வச்ச வண்டி வரல. வேற வண்டி பிடிச்சுப் போய்ச் சேரும்போது மணி ஏழு. முளைக்கீரை வாடி, கேட்ட விலைக்குத் தள்ளிட்டு வந்தேன். 25 நாள் தண்ணி கட்டின உழைப்பு, வராத ஒரு டிரைவர் கையில இருந்திருக்கு. அடுத்த மாசமே கடன் வாங்கி செகண்ட் ஹேண்ட்ல இந்த வண்டியை எடுத்தேன். 2013 மாடல்.

எங்க அப்பா கொத்தவால் சாவடிக்கு சைக்கிள்லயே கீரை கொண்டு போனவர். 1996ல மார்க்கெட் கோயம்பேட்டுக்கு வந்தப்புறம் மீன்பாடி வண்டி. 2005ல டாடா ஏஸ் வந்தது. ரெண்டு சிலிண்டர், 700 சிசி டீசல் இன்ஜின். வடக்கே 'சோட்டா ஹாத்தி', நமக்கு குட்டி யானை. பெரிய லாரி வாங்க வக்கில்லாதவன், மூணு சக்கர வண்டியில மழையில நனைஞ்சவன், எல்லாரும் நாலு சக்கரத்துக்கு வந்தது அதுல இருந்துதான். எங்க தெருவுல அது சாவுக்கும் போகும், சீர்வரிசைக்கும் போகும். கீரை இல்லாத நாள்ல எஸ்டேட்டுல வேலை செய்யற பசங்களுக்கு வீடு மாத்தி விட்டு நாலு காசு பார்ப்பேன்.

இப்ப என் பையன் கரண்ட் வண்டி எடுக்கலாம்ங்கறான். டாடா 2022ல ஏஸ் ஈவி அறிவிச்சப்போ அமேசான், ஃபிளிப்கார்ட், பிக்பாஸ்கெட் மாதிரி கம்பெனிங்க சேர்ந்து 39,000 வண்டிக்கு ஒப்பந்தம் போட்டாங்க. அவங்களுக்குத் தெரியும், நாளைக்கு வண்டி எவ்வளவு தூரம் ஓடும்னு. அந்தக் கணக்குப்படி பார்த்தா எங்களுக்கும்தான் தெரியும்! கோயம்பேடு போக வர 30 கிலோமீட்டர். கம்பெனி சொல்றது 154 கிலோமீட்டர். லோடுல பாதிதான் கொடுக்கும்னு வச்சாலும் ரெண்டு நாள் தாங்கும்.

செலவும் பார்த்தேன். டீசல் லிட்டர் 92 ரூபாய் சொச்சம். என் கிழவன் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கறான், ஒரு நடைக்கு 184 ரூபாய். கரண்ட் வண்டிக்கு ஆறேழு யூனிட். யூனிட் 8 ரூபாய்னு வச்சாலும் 60 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. அதை விட சத்தம். ராத்திரி ரெண்டு மணிக்கு நான் ஸ்டார்ட் பண்ணா பக்கத்து அபார்ட்மெண்ட்ல லைட் எரியுது. அசோசியேஷன்ல இருந்து வந்து சொல்லிட்டுப் போனாங்க. அந்தக் கட்டடம் நிக்கற இடத்துல நான் வெண்டை போட்டிருக்கேன், அது வேற கதை. சீட்டுக்கு அடியில இன்ஜின் வேற. சித்திரை மாசம் உட்கார்ந்தா தோசைக்கல்லுதான்.

அப்புறம் ஏன் வாங்கலன்னு கேப்பீங்க. ரேஞ்சுக்குப் பயந்து இல்ல.

முதல்ல சார்ஜ். மோட்டார் கொட்டகையில மூணு ஃபேஸ் இலவச கரண்ட் இருக்கு, ஆனா அது தண்ணி இறைக்க மட்டும்தான். அதுல வண்டியைச் சொருகினா தப்பு, தப்புதான். வீட்டுல போட்டா ரெண்டு மாசத்துக்கு 400 யூனிட் கிட்ட கூடும். 500ஐத் தாண்டினா கீழ் படிக்கே ரேட் மாறிடும்னு பில் கட்டற உங்களுக்கே தெரியும். இலவசம் வேணாம், கொட்டகை பக்கத்துல காசு கட்டற ஒரு தனி மீட்டர் சுலபமா கொடுத்தாப் போதும். ஆனா அதுக்கும் நிலத்துக்காரர் கையெழுத்து வேணும். நான் குத்தகைக்காரன். வருஷா வருஷம் வாய்வார்த்தை. அவர் பையன் மனை போடற ஆளுங்களோட ரெண்டு தடவை வந்து அளந்துட்டுப் போயிட்டான்.

அந்தத் தம்பிக்கு நான் சொல்லாத பதிலும் இதுதான். நிலம் நாளைக்கே போகலாம். கூட வரப்போறது வண்டி ஒண்ணுதான். அதை வச்சு சரக்கு ஓட்டலாம், இல்ல வித்து ரெண்டு மாசம் சாப்பிடலாம். டீசல் வண்டின்னா எந்த மெக்கானிக்கும் காதால கேட்டே விலை சொல்லுவான். எட்டு வருஷம் ஓடின பேட்டரி வண்டிக்கு யார் என்ன கொடுப்பாங்க? இங்க ஒருத்தனும் இன்னும் விக்கல, வாங்கல. 2025ல வந்த ஏஸ் ப்ரோவுல பெட்ரோல் 3.99 லட்சம், கரண்ட் 6.50 லட்சம்னு ஆரம்பிச்சாங்க. நடுவுல நிக்கற அந்த ரெண்டரை லட்சம் டீசல்ல மிச்சமாகி வரணும்னா அஞ்சாறு வருஷம் கீரை போடணும். எந்த நிலத்துல?

பழைய பேட்டரிக்கு இவ்வளவு திருப்பிக் கொடுப்போம்னு கம்பெனி எழுதிக் கொடுத்தா நானே முதல் ஆளா நிப்பேன்.

தை மாசம் என் வண்டிக்கு எஃப்.சி. வருது. பெயிண்ட், டிங்கர், நாலு டயர்னு இருபதாயிரம் ஆகும்னு மேஸ்திரி சொல்றார். பையன் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கான். காட்டிட்டு வந்துடலாம்னுதான் இருக்கேன், இன்னும் ஒரு வருஷத்துக்கு.