நெஞ்சில் கட்டி: முதலில் என்னவென்று தெரியட்டும்

இருமலுக்காக எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்து, "நெஞ்சுக்குள்ள கட்டி மாதிரி தெரியுது" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. மறுநாள் உறவினர்கள் கூடினால் இரண்டு யோசனைகள் வரும். "உடனே ஆபரேஷன் பண்ணி எடுத்துரணும்" என்பது ஒன்று. "கத்தி பட்டா பரவிரும், நாட்டு மருந்து பாப்போம்" என்பது மற்றொன்று. இரண்டுமே, கட்டி இன்னதென்று தெரியாமல் எடுக்கப்படும் முடிவுகள். நெஞ்சில் வரும் அரிய கட்டிகளைப் பொறுத்தவரை, எந்தக் கட்டி என்று தெரிந்துகொள்வதே பாதி வைத்தியம். இராமேசுவரம், பாம்பன், மண்டபம், தொண்டி என்று கடலோரம் முழுக்க இருப்பவர்களுக்கு இதைப் பொறுமையாக விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்பெலும்புக்குப் பின்னால், இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே ஓர் இடம் உண்டு. இதயம், பெருந்தமனி, மூச்சுக்குழல், உணவுக்குழல், நிணநீர் முடிச்சுகள், நரம்புகள் எல்லாம் அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. கட்டி அதன் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதே முதல் துப்பு. முன்பக்கம் என்றால் தைமஸ் சுரப்பியில் வரும் தைமோமா, நிணநீர்ப் புற்று, கருவணுக் கட்டி, கழுத்திலிருந்து கீழிறங்கிய தைராய்டு வீக்கம் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். நடுவில் என்றால் நிணநீர் முடிச்சு வீக்கமோ நீர்க்கட்டியோ இருக்கலாம். முதுகெலும்பை ஒட்டிய பின்பக்கம் என்றால் பெரும்பாலும் நரம்பிலிருந்து கிளம்பியது. பெரியவர்களுக்கு வரும் இந்த நரம்புக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றே அல்ல. இவ்வளவையும் எக்ஸ்ரே சொல்லாது. மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் இடத்தையும் எல்லையையும் காட்டும்.

'அரிய' என்றால் எவ்வளவு அரியது? அமெரிக்கக் கணக்குப்படி தைமோமா ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்கே வருகிறது. 2011 கணக்கெடுப்பில் இராமநாதபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 13.5 லட்சம். அதே விகிதம் இங்கும் பொருந்தினால், மாவட்டம் முழுவதிலும் வருஷத்துக்கு ஓரிருவர்தான். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒருவர் பணி ஓய்வு பெறும்வரை ஒரு தைமோமாவைக்கூடப் பார்க்காமல் போகலாம். ஆக, அரிய நோய் என்றால் தீராத நோய் என்று அர்த்தமில்லை. அதைப் பார்த்துப் பழகியவர்கள் குறைவு என்றுதான் அர்த்தம். அவர்களிடம் நோயாளி எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறார் என்பதைப் பொறுத்தே பல விஷயங்கள் அமைகின்றன.

தைமோமா நெஞ்சில் இருந்துகொண்டு கண்ணில் அடையாளம் காட்டும் விதத்தைப் பார்ப்போம். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். காலையில் தெம்பாகத்தான் கடலில் இறங்குகிறார். பொழுது ஏற ஏற ஒரு பக்க இமை தொங்குகிறது. எதிரே வருபவர் இரண்டாகத் தெரிகிறார். ராத்திரி சாப்பிடும்போது பாதிச் சோற்றிலேயே தாடை சோர்ந்துவிடுகிறது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடுகிறது. உப்புத்தண்ணீர் பட்ட எரிச்சல், உடம்பு அசதி என்று மாதக்கணக்கில் விட்டுவிட இடமிருக்கிறது. ஆனால் காலையில் இல்லாமல் மாலையில் கூடும் இந்தச் சோர்வு, மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயின் குணம். நரம்பு இடும் கட்டளை தசைக்குப் போய்ச் சேரும் இடத்தை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அடைத்துவிடுவதால் வருவது. தைமோமா உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது இருக்கும். இந்த நோய் உள்ளவர்களில் 10 முதல் 15 சதவீதம் பேருக்குத் தைமோமா இருக்கும். எனவே இமை தொங்குகிறது என்று போனவருக்கு நெஞ்சு ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் டாக்டர் குழம்பிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். தொங்கும் இமைமேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்து, இமை சற்று மேலேறுகிறதா என்று பார்ப்பது எந்தச் சிறிய மருத்துவமனையிலும் செய்யக்கூடிய சோதனை. ஏறினால் நோய் உறுதியாகிவிட்டது என்று அர்த்தமல்ல; ஆனால் அடுத்த கட்டத்துக்கு அனுப்ப அது போதும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளேலாக் 1936-இல் இந்த நோயுள்ள ஓர் இளம்பெண்ணின் தைமஸ் கட்டியை எடுத்தார். அந்தப் பெண்ணின் தசைச் சோர்வு குறைந்தது. கட்டிக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவின் மேல் மருத்துவ உலகின் கவனம் கூடியது அதன் பிறகுதான்.

அடுத்து காசநோய். நம் ஊரில் நெஞ்சில் நிழல் தெரிந்தால் முதலில் டி.பி.யைச் சந்தேகிப்பது சரியே. டி.பி. இங்கே பரவலாக இருக்கிறது. நெஞ்சின் நடுவே நிணநீர் முடிச்சுகளையும் அது வீங்க வைக்கும். சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். தவறு சந்தேகிப்பதில் இல்லை. சளியிலோ சதையிலோ ஆதாரம் கிடைக்காமல் மாத்திரையைத் தொடங்கி, நிழல் குறைகிறதா என்று திரும்பப் பார்க்காமலே மாதங்களைக் கடத்துவதில்தான் தவறு இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், லீவோஃபிளாக்சசின் போன்ற மருந்துகள் மயஸ்தீனியா உள்ளவரின் தசைச் சோர்வைக் கூட்டிவிடலாம். இமை தொங்குவது, விழுங்கச் சிரமப்படுவது இருந்தால், மருந்து எழுதும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இனி, கத்தியோ சதை எடுக்கும் ஊசியோ பட்டால் பரவும் என்ற பயம். கருவணுக் கட்டி பெரும்பாலும் இளைஞர்களுக்கு வருவது. ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள் அதைப் பெருமளவு காட்டிக்கொடுத்துவிடும். நிணநீர்ப் புற்றுக்குச் சதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். ஏனென்றால் அதைக் குணப்படுத்துவது கீமோ. பெரிய ஆபரேஷன் அங்கே வீண். சுற்றிலும் தெளிவான எல்லையோடு இருக்கும் சிறிய தைமோமாவை மட்டும், அதன் உறையைக் குத்தாமல் முழுசாக எடுத்துவிடுவதையே அறுவை மருத்துவர்கள் விரும்புகிறார்கள். ஆக, ஊசியால் சதை எடுப்பதும் எடுக்காமலிருப்பதும் ஸ்கேனைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. பயந்து மறுப்பதால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

தைமோமாவுக்கு முதல் வைத்தியம் அறுவை. மிச்சம் வைக்காமல் எடுத்தால், ஆரம்ப நிலையில் பெரும்பாலானோர் பல்லாண்டு நலமாக வாழ்கிறார்கள். பக்கத்து உறுப்புகளில் ஊடுருவியிருந்தால் அதன்பின் கதிர்வீச்சு தேவைப்படலாம்; 'கரண்டு வைப்பது' என்று மக்கள் சொல்வது இதைத்தான். எடுக்க முடியாத அளவு பெரிதாக இருந்தால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு எடுப்பார்கள். மயஸ்தீனியா இருக்கிறதா என்று அறுவைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால், ஆபரேஷன் முடிந்தபின் மூச்சுத் தசைகள் ஒத்துழைக்காமல் போகும் ஆபத்து உண்டு. காலையில் முகமும் கழுத்தும் வீங்குவது, கழுத்து நரம்புகள் புடைப்பது, மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறுவது ஆகியவை தெரிந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. கட்டி பெரிய ரத்தக்குழாயையோ மூச்சுக்குழலையோ நெரிக்கிறது என்பதற்கு அறிகுறி அது.

எங்கே போவது? இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. முதல் விசாரணைக்கு அதுவே பொருத்தமான இடம். நெஞ்சு அறுவை, நரம்பியல் என்று பல துறைகளும் கூடிப் பார்க்க மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. அதற்கும் மேல் என்றால் 1954-இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம். புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டபின், சென்னைக்கு மீண்டும் இராமேசுவரத்திலிருந்தே ரயில் ஏறலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழியுண்டு. அட்டை இல்லாதவர்கள் ஆட்சியர் அலுவலகத்தில் இப்போதே எடுத்துவைப்பது நல்லது. போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தகடு, சதைப் பரிசோதனையின் கண்ணாடி ஸ்லைடு, மெழுகில் பதித்த சதைத் துண்டு எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். அரிய கட்டியின் சதையை அனுபவமுள்ள இன்னொரு நிபுணர் மறுபடி பார்க்கும்போது நோயின் பெயரே மாறுவதுண்டு. பெயர் மாறினால் வைத்தியமும் மாறும்.

நோயாளியும் குடும்பமும் இவ்வளவு செய்யலாம். அரசு செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. நெஞ்சக மருத்துவர், ஸ்கேன் நிபுணர், சதையைப் பார்ப்பவர், அறுவை மருத்துவர், கீமோவும் கதிர்வீச்சும் கொடுப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுப்பதுதான் இத்தகைய கட்டிகளுக்கு உலகெங்கும் நல்ல முறை. இராமநாதபுரத்தையும் மதுரையையும் காணொலியில் இணைத்து, வாரம் ஒருமுறை அப்படி ஒரு கூட்டம் நடந்தால், இராமேசுவரத்து மீனவர் ஒருவர் மதுரைக்கு 170 கிலோமீட்டர் போய் வரிசையில் நின்றபின் "இன்னொரு டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பப்பட மாட்டார். ஆபரேஷன் முடிந்த பிறகும் இந்த இணைப்பு வேண்டும். தைமோமா பத்து வருஷம் கழித்தும் திரும்ப வரக்கூடியது. ஆண்டுதோறும் பரிசோதனைக்கு அழைக்க ஒருவர் இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஓரிருவருக்கு வரும் நோய்க்கு இவ்வளவு ஏற்பாடா என்று கேட்கலாம். மருத்துவர்கள் ஒன்றுகூடிப் பேசும் அந்தப் பழக்கம், பரவலாக வரும் நுரையீரல் புற்றுக்கும் டி.பி.க்கும் அதே அளவு பயன்படும்.