முட்டுக்கட்டை என்பது வசைச்சொல் அல்ல

பிரேக்குக்குத் தமிழில் ஒரு பழைய சொல் இருக்கிறது. அதை நாம் திட்டுவதற்கு மட்டும்தான் வைத்திருக்கிறோம். வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை, திட்டத்துக்கு முட்டுக்கட்டை, கல்யாணத்துக்கு முட்டுக்கட்டை. செய்தித்தாளைப் புரட்டினால் வாரத்துக்கு நாலாவது கண்ணில் படும், ஒன்றுகூடப் பாராட்டாக இருக்காது.

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் அசல் முகம் தெரிந்திருக்கும். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானவர்கள். சக்கரத்தை ஒட்டியே கட்டையோடு நடப்பவர்கள் விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய சிலர். தேர் எங்கே நிற்க வேண்டும், சித்திரை வீதி முனையில் எந்தப் பக்கம் முகம் திருப்ப வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தச் சிலர்தான். வடம் பிடித்தவருக்குப் புண்ணியம் என்கிறோம். கட்டை போட்டவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொள்ளுங்கள். அலங்காரத்தோடு சுமார் 96 அடி உயரம், எடை 300 டன் என்பார்கள். இரும்புச் சக்கரங்களும் இரும்பு அச்சும் திருவெறும்பூர் பெல் தொழிற்சாலை செய்து கொடுத்தவை. பின்னால் புல்டோசர் தள்ளுகிறது. அதே தேரில் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கிறது, அதுவும் பெல் கொடுத்ததுதான். தள்ளுவதற்கு எந்திரம் வந்த தேரில் நிறுத்துவதற்கும் எந்திரம் வந்திருக்கிறது. உயர் அழுத்தக் கொதிகலன் செய்கிறவர்களுக்கு இது தனியாகச் சொல்லித்தர வேண்டிய பாடமல்ல.

அதே பெல்லிலிருந்து கூப்பிடு தூரத்தில் வளர்ந்த, பொறியியல் படித்த என் வயதுக்காரர்களுக்குத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

கையில் கொஞ்சம் சம்பளம் சேர்ந்ததும் நம் ஆட்களில் சிலருக்கு வீட்டிலேயே கார் கட்டும் ஆசை வருகிறது. நல்ல ஆசைதான், குறை சொல்ல மாட்டேன். 1957இல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் லோட்டஸ் செவன் காரை உதிரிகளாக விற்றதே, வாங்குகிறவர் கொட்டகையில் கட்டிக்கொள்வார், வரியும் மிச்சம் என்றுதான். 1996இல் ரான் சாம்பியன் என்ற ஆசிரியர் 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி என்று புத்தகமே எழுதினார். இங்கே நம் ஆட்கள் பழைய வில்லிஸ் ஜீப்பையோ மாருதி 800இன் எலும்புக்கூட்டையோ எடுத்துக்கொள்கிறார்கள். எஞ்சினைக் கழற்றிவிட்டு ரெண்டு மடங்கு, மூணு மடங்கு திறனுள்ளதைப் பொருத்துகிறார்கள். எத்தனை குதிரை என்று கேட்டால் மின்னலாகப் பதில் வரும். 60 கிலோமீட்டரில் மிதித்தால் எத்தனை மீட்டரில் நிற்கும் என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் நிக்கும்ணா."

திருச்சியில் ஒரு பட்டறையில் அப்படி ஒரு வண்டியைப் பார்த்தேன். எஞ்சினுக்கு ஒரு லட்சத்துக்கு மேல், சைலன்சருக்கு இருபதாயிரம். பிரேக் பழைய காரோடு வந்தது அப்படியே. ஆனால் கேலிப்பருக்குச் சிவப்பு பெயின்ட் அடித்திருந்தது. "பிரேக் அப்கிரேடு பண்ணலையா தம்பி?" என்றேன். "ரெண்டாவது ஸ்டேஜ்ல பாத்துக்கலாம்ணா" என்றார். முதல் ஸ்டேஜுக்கும் ரெண்டாவது ஸ்டேஜுக்கும் நடுவில் அவர் ஓட்டப் போகிற சாலையில் நானும் நீங்களும் நடக்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம், பிளஸ் டூ இயற்பியல்தான். வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. 1000 கிலோ கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் வைத்திருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 386 கிலோஜூல். ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். நல்ல சாலையில் முழுசாக மிதித்தால் அந்தச் சூடு முழுவதையும் மூன்றரை நொடியில் நாலு சக்கரங்கள் விழுங்க வேண்டும். சராசரியாகப் பார்த்தால் அது கிட்டத்தட்ட 110 கிலோவாட், அதாவது சுமார் 145 குதிரை. சாதாரணக் காரிலேயே எஞ்சினைவிடத் திறன் கூடிய கருவி பிரேக்தான். எஞ்சின் திறனை இரட்டித்தால் உச்ச வேகம் கால் பங்குதான் கூடும், காற்றின் தடை விடாது. ஆனால் அந்த வேகத்திலிருந்து நிறுத்தும்போது எழும் சூடு ஏறக்குறைய 60 சதவீதம் கூடிவிடும். அதைவிட முக்கியம், முன்பு எப்போதாவது தொட்ட வேகத்தை இனி ஒவ்வொரு சிக்னல் தாண்டியதும் தொடுவீர்கள்.

இன்னொரு கணக்கு. அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு பாட்டி குறுக்கே வருகிறார். 40இல் வருகிற கார், ஓட்டுநர் சுதாரிக்க ஒரு நொடி போக, 19 மீட்டரில் நின்றுவிடும். அதே இடத்தில், அதே பிரேக்கோடு, 60இல் வருகிற கார் அந்த 19ஆவது மீட்டரில் என்ன வேகத்தில் இருக்கும்? 20 என்றுதான் பலரும் சொல்கிறார்கள். விடை 56. சுதாரிப்பதற்குள்ளேயே பெரும்பாலான தூரம் போய்விட்டது. இதுவும் பிரேக் ஒழுங்காக இருந்தால்.

சரி, பெரிய டிஸ்க் வாங்கிப் போட்டால் ஆச்சா என்றால், அதுவும் இல்லை. வாங்கி மாட்டுவதும் மேம்படுத்துவதும் வேறு வேறு. கேலிப்பர் பிஸ்டனைப் பெரிதாக்கிவிட்டு மாஸ்டர் சிலிண்டரை மாற்றாமல் விட்டால் பெடல் தரைக்குப் போகும். முன்பக்கம், பின்பக்கம் பங்கீட்டைப் பார்க்காமல் பின்சக்கரத்துக்கு அதிகம் கொடுத்தால் அது முதலில் பூட்டிக்கொண்டு வண்டி வாலைச் சுழற்றும். டயர் பழசென்றால் எந்த டிஸ்க்காலும் பயனில்லை, கடைசியில் சாலையைப் பிடிப்பது டயர்தான். பழைய ஜீப்பில் ஒற்றைச் சுற்று. ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் நாலும் போச்சு. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் வைத்தால் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் தானாகக் கிடைக்காது, தனி பம்ப் வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் குடித்த பிறகு 140 தாண்டினாலே கொதித்துவிடலாம் என்று அந்தத் தரமே ஒத்துக்கொள்கிறது. கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை அமுக்கலாம், அது பிரேக்கை அமுக்காது. முதல் தடவை மிதிக்கும்போது எல்லாமே நன்றாக இருக்கும். மூன்றாவது, நாலாவது தடவையில்தான் தெரியும்.

எதிர்வாதங்களும் தெரியும். "நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்." அப்படியானால் அந்த எஞ்சின் எதற்கு? "அந்தக் காலத்து அம்பாசடர் வெறும் டிரம்மிலேயே ஓடலையா?" ஓடியது, அந்த எஞ்சினுக்கும் அந்தச் சாலைக்கும். "பிரேக் ஓட்டுறவன் கையில இருக்கு." இதுதான் மிக மோசமான வாதம். திறமை என்பது இருக்கிற பிரேக்கைச் சரியாகப் பயன்படுத்துவது, இல்லாததை உண்டாக்குவது அல்ல. சமயபுரத்துக்கு இரவில் நெடுஞ்சாலையோரம் மஞ்சள் சேலையோடு நடந்து போகிறவர்கள் உங்கள் திறமையை நம்பி விரதம் இருக்கவில்லை.

இதை நன்றாகப் புரிந்து செய்தவர்களைத் தேடி ஜெர்மனிக்குப் போக வேண்டாம், பொன்மலைக்குப் போனால் போதும். 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்த ரயில்வே பணிமனை அது. நீலகிரி மலை ரயிலுக்கான எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சின்களை 2011இல் தொடங்கிப் புதிதாகவே கட்டிக்கொடுத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பாதை மிகச் செங்குத்தான இடத்தில் 12 அடிக்கு ஓரடி ஏறுகிறது. அங்கே எஞ்சின் ரயிலை இழுப்பதில்லை. எப்போதும் பள்ளத்துப் பக்கம் நின்று தள்ளுகிறது, பெட்டி கழன்றாலும் எஞ்சின் தாங்கிக்கொள்ளும். அந்த எஞ்சினில் ஒன்றுக்கு மேற்பட்ட தனித்தனி பிரேக்குகள், அதுபோக பெட்டிதோறும் பிரேக் பிடிக்க ஆள். எல்லா ரயில்களுக்கும் பொதுவான ஒரு தத்துவமும் உண்டு. 1872 வாக்கில் வெஸ்டிங்ஹவுஸ் கொண்டுவந்தது. குழாயில் அழுத்தம் இருக்கும்வரைதான் பிரேக் விலகியிருக்கும், குழாய் அறுந்தால் ரயில் தானாக நிற்கும். ஓடுவதற்குத்தான் அனுமதி வேண்டும், நிற்பதற்கு வேண்டாம்.

இதில் அரசுக்கும் பங்குண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. நோக்கம் சரி. நடப்பது என்ன? வண்டி கட்டுவது நிற்கவில்லை, காட்டுவதுதான் நின்றது. போலீஸ்காரர் பிடிப்பது சத்தம் போடுகிற சைலன்சரையும் கோணலான நம்பர் பிளேட்டையும்தான், பெடலை யாரும் மிதித்துப் பார்ப்பதில்லை. பிரிட்டனில் வீட்டில் கட்டிய காரைத் தனியாகச் சோதித்துப் பதிவு செய்ய ஏற்பாடு இருக்கிறது. அதில் தேறாவிட்டால் சாலைக்கு வர முடியாது. இங்கேயும் அப்படி ஒரு வாசல் திறக்க வேண்டும், அதில் முதல் சோதனை பிரேக்காக இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. முழுத்தடை போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது முட்டுக்கட்டைகூட இல்லை, வெறும் கட்டை.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிகளில் நம் கல்லூரிப் பிள்ளைகள் கட்டுகிற கார்களுக்கு ஒரு விதி உண்டு: ஓடிவந்து மிதித்தால் நாலு சக்கரமும் பூட்டிக்கொள்ள வேண்டும். அதில் தேறாத கார் எவ்வளவு குதிரை வைத்திருந்தாலும் பந்தயத்தில் ஓட முடியாது. இரண்டு தனிச் சுற்றுகள் கட்டாயம். இருபது வயதில் இந்த விதிக்குப் பணிந்தவர்கள்தான் முப்பதில் கேலிப்பருக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள்.

ஆகவே, கார் கட்டுங்கள். பிரேக்கிலிருந்து ஆரம்பித்துக் கட்டுங்கள். முதல் பணம் டயருக்கும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கும் போகட்டும். காலி மைதானத்தில் பத்துத் தடவை விடாமல் நிறுத்திப் பாருங்கள், டேப் வைத்து அளந்து எழுதிவையுங்கள். பத்தாவது தடவையும் முதல் தடவை நின்ற தூரத்துக்குள் நின்றால் அப்புறம் எஞ்சினைப் பற்றிப் பேசலாம். பட்டறையில் யாராவது "எத்தனை குதிரை?" என்று கேட்டால் அந்தத் தாளைக் காட்டுங்கள்.